கோச்சை மாற்றினால் கோல் விழுமா?



மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் விளாங்குடி. இங்கே ஒரு காலிமனையில் தினமும் மாலையில் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி வைத்தால் அதுதான் கோல் கம்பம். போன மாதம் ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போனபோது ஆட்டம் நடக்கவில்லை. எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடி உட்கார்ந்து ஏதோ பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, மழையா, வெயிலா? ஏன் ஆடலை?" என்று கேட்டேன்.

"மாமா, கோச்சை மாத்தப் போறோம். மூணு மேட்ச் வரிசையா தோத்துட்டோம். கடைசி மேட்ச்ல அஞ்சு கோல் வாங்கினோம். அண்ணனுக்கு ஒண்ணும் தெரியலை" என்றான் ஒருவன்.

அவன் சொன்ன அண்ணன் யார் தெரியுமா? பகலெல்லாம் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வந்து, ஒரு பைசா வாங்காமல் இவர்களுக்குப் பந்து உதைக்கச் சொல்லித் தருபவர். அவரை 'வேண்டாம்' என்று சொல்லப் போகிறார்களாம். யார் போய்ச் சொல்வது என்பதில்தான் அன்றைய தகராறே!

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஏனென்றால், இந்த வேப்பமரத்தடிப் பஞ்சாயத்து விளாங்குடியில் மட்டும் நடப்பதில்லை. கோடி கோடியாகப் பணம் புரளும் பெரிய கால்பந்து அணிகளிலும் இதேதான் நடக்கிறது. அணி நாலு ஆட்டம் தோற்றால் போதும், 'பயிற்சியாளரைத் தூக்கு' என்று ஒரு குரல் கிளம்பிவிடும்.

அப்படித் தூக்கினால் அணி ஜெயிக்குமா? 'பெரும்பாலும் இல்லை, சில சமயம் மட்டும் ஆமாம்' என்பதுதான் என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன்? நம் தமிழ்நாட்டு அணியின் கதையையே எடுத்துப் பார்ப்போம்.

ஒரே அணி, மூன்று கதைகள்

ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி 2014இல் தொடங்கியது. அதில் நம் சென்னை அணியின் பெயர் சென்னையின் எஃப்.சி. அதன் முதல் பயிற்சியாளர் இத்தாலி நாட்டு மார்க்கோ மாட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்ஸ் வீரர் ஜிடேன் ஒருவரை நெஞ்சில் தலையால் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர்தான் இவர்!

முதல் கதை 2015. அந்த ஆண்டு எட்டு அணிகள் ஆடின. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது சென்னை அணி பத்தே புள்ளிகளுடன் பட்டியலின் அடியில் கிடந்தது. ஆறு ஆட்டங்களில் தோல்வி! மாட்டராசியை அனுப்பியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், அணி நிர்வாகம் அவரை அனுப்பவில்லை. என்ன ஆயிற்று? மீதி இருந்த நான்கு லீக் ஆட்டங்களிலும் சென்னை வென்றது. மூன்றாவது இடத்துக்கு ஏறி அரையிறுதிக்குப் போனது. அப்போது சென்னையில் பெருவெள்ளம். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியை புனே நகரில் ஆடினார்கள். அதையும் தாண்டி, டிசம்பர் 20ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் 2-1 என்று கோவா முன்னே நிற்க, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று சென்னை கோப்பையை வென்றது. பயிற்சியாளர் அதே மாட்டராசிதான்!

இரண்டாவது கதை 2019. அப்போது பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஜான் கிரிகரி. 2018 மார்ச்சில் சென்னைக்கு இரண்டாவது கோப்பையை வாங்கித் தந்தவர். அடுத்த பருவத்தில் அதே அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. அப்போதும் அவரை நீக்கவில்லை. 2019 அக்டோபரில் புதுப் பருவம் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகள். நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோயல் வந்தார்.

அதன்பிறகு நடந்தது மாயாஜாலம் போல இருந்தது. முதல் ஆறு ஆட்டங்களில் மொத்தம் 4 கோல் போட்ட அணி, அடுத்த பன்னிரண்டு ஆட்டங்களில் 28 கோல் போட்டது. 24 புள்ளிகள் சேர்த்தது. நான்காவது இடம் பிடித்து அரையிறுதியில் கோவாவை வென்று, 2020 மார்ச் 14 அன்று இறுதியாட்டம் வரை போனது. அங்கே கொல்கத்தா அணியிடம் 3-1 என்று தோற்றாலும், குழியில் கிடந்த அணி கோபுர வாசல் வரை வந்தது பெரிய விஷயம்தானே!

மூன்றாவது கதை 2022. அப்போதைய பயிற்சியாளர் மான்டினீக்ரோ நாட்டின் போஜிதார் பாண்டோவிச். பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று அணி தோற்றது. உடனே அவரை அனுப்பிவிட்டார்கள். முன்னாள் இந்திய வீரர் சபீர் பாஷா மீதி ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். அணி எழுந்து நின்றதா? இல்லை. பதினோரு அணிகளில் எட்டாவதாக முடிந்தது. பாவம், நான்கே ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது வந்தவர் என்ன செய்ய முடியும்?

இப்போது யோசியுங்கள். ஒரே அணி. ஒருமுறை பயிற்சியாளரை மாற்றாமலே கோப்பை கிடைத்தது. ஒருமுறை மாற்றியதும் அணி உயர்ந்தது. இன்னொருமுறை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் 'மாற்றினால் ஜெயிப்போம்' என்று சட்டம் போடவும் முடியாது. 'மாற்றவே கூடாது' என்று சட்டம் போடவும் முடியாது.

காக்கையும் பனம்பழமும்

'சரி, இருந்தாலும் நிறைய அணிகள் பயிற்சியாளரை மாற்றியவுடன் ஜெயிக்கின்றனவே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு ஒரு சின்ன விளையாட்டு சொல்கிறேன். வீட்டில் பரமபத அட்டையோடு வந்த பகடை இருக்கும். எடுத்து உருட்டுங்கள்.

எப்போதெல்லாம் '1' விழுகிறதோ, அப்போது பகடையைப் பார்த்து, 'ஒழுங்கா விழு!' என்று ஒரு திட்டுத் திட்டுங்கள். பிறகு மறுபடி உருட்டுங்கள். என்ன ஆகும்? ஆறு தடவையில் சுமார் ஐந்து தடவை முன்பைவிடப் பெரிய எண் விழும். 'ஆகா, திட்டினால் பகடை திருந்திவிடுகிறது!' என்று தோன்றும்.

இப்போது '1' விழும்போது திட்டாமல் சும்மா உருட்டிப் பாருங்கள். அப்போதும் அதே கதைதான்! '1' என்பதுதான் மிகக் குறைந்த எண். அதற்குக் கீழே போக இடமே இல்லை. ஆகவே அடுத்தது பெரும்பாலும் மேலேதான் வரும். திட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் இது. பழம் பழுத்து விழும் நேரம் வந்துவிட்டது. காக்கையும் அந்த நேரம் பார்த்து உட்கார்ந்தது. பெயர் காக்கைக்கு!

கால்பந்திலும் ஒரு பயிற்சியாளரை எப்போது அனுப்புகிறார்கள்? அணி மிக மோசமாக இருக்கும்போதுதான். அடிபட்ட வீரர்கள் வெளியே இருப்பார்கள். உதைத்த பந்து எல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பும். வரிசையாகப் பலமான அணிகளோடு ஆட்டம் வந்திருக்கும். இப்படிப்பட்ட கெட்ட நேரம் எப்போதும் நீடிப்பதில்லை. அடிபட்டவர் குணமாகி வருவார். அடுத்த ஆட்டம் சுமாரான அணியோடு இருக்கும். பழைய பயிற்சியாளரே இருந்திருந்தாலும் கொஞ்சம் முன்னேற்றம் வந்திருக்கும். ஆனால், அந்த நேரம் பார்த்துப் புதியவர் வந்து உட்கார்ந்தால் மாலை அவர் கழுத்தில் விழுகிறது!

இது வெறும் என் ஊகம் இல்லை. நெதர்லாந்து நாட்டின் பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2011இல் எழுதினார். அந்த நாட்டு முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். தோல்வியில் விழுந்து பயிற்சியாளரை மாற்றிய அணிகளை ஒரு பக்கம் வைத்தார். அதே அளவு தோல்வியில் விழுந்தும் மாற்றாத அணிகளை இன்னொரு பக்கம் வைத்தார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டு வந்திருந்தன! நாம் பகடையைத் திட்டியும் திட்டாமலும் உருட்டிப் பார்த்தோமே, அதே முறைதான். எதையாவது 'இதனால்தான் ஆயிற்று' என்று சொல்லும் முன், 'இது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?' என்று கேட்பதுதான் அறிவியல்.

புது மாப்பிள்ளை ஜோர்

இன்னொன்றும் உண்டு. புதுப் பயிற்சியாளர் வந்தால் எல்லா வீரர்களும் கொஞ்ச நாள் விழுந்து விழுந்து ஓடுவார்கள். வெளியே உட்கார்ந்திருந்தவன், 'இவரிடமாவது நமக்கு இடம் கிடைக்குமா?' என்று பாடுபடுவான். ஆடிக்கொண்டிருந்தவன், 'நம் இடம் போய்விடுமோ?' என்று பயந்து ஓடுவான். வகுப்புக்குப் புது டீச்சர் வந்த முதல் வாரம் நாம் எல்லோரும் நல்ல பிள்ளையாக இருப்போமே, அந்த மாதிரி!

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி அணியைப் பாருங்கள். யாரும் எதிர்பாராத அந்தச் சின்ன அணியை 2016இல் பிரீமியர் லீக் சாம்பியன் ஆக்கியவர் கிளாடியோ ரனியேரி. உலகமே கைதட்டியது. ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில், தோல்விகள் வந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். அவருக்கு உதவியாளராக இருந்த கிரேக் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களிலும் வெற்றி! 'பார்த்தீர்களா, மாற்றம் வேலை செய்துவிட்டது' என்றார்கள். ஆனால், அதே ஆண்டு அக்டோபரில் ஷேக்ஸ்பியரையும் அனுப்பிவிட்டார்கள். ஜோர் தீர்ந்துவிட்டது!

இதற்கு நேர் எதிரான கதையும் இங்கிலாந்திலேயே இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் வந்தார். முதல் கோப்பை கிடைத்தது 1990இல்! மூன்றரை ஆண்டு காத்திருந்தார்கள். பிறகு 2013 வரை அவர் இருந்தார். 13 முறை லீக் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். முதல் ஆண்டே பொறுமை இழந்திருந்தால் அந்தச் சரித்திரமே இல்லை.

நம் ஓவன் கோயல் கதையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? அவர் வந்த உடனேயே எல்லாம் மாறிவிடவில்லை. அவருடைய முதல் நான்கு ஆட்டங்களில் வெற்றி ஒன்றுதான். ஒன்று சமன், இரண்டு தோல்வி. அதன்பிறகுதான் எட்டு லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே இல்லாமல் ஆடினார்கள். நான்கு ஆட்டம் பார்த்துவிட்டு, 'இவரும் சரியில்லை' என்று சொல்லியிருந்தால்? இறுதியாட்டம் ஏது?

இன்னொரு வேடிக்கை: அதே கோயல் 2023இல் மறுபடி சென்னைக்கு வந்தார். ஆனால், 2024-25 பருவத்தில் அணியால் முதல் ஆறு இடங்களுக்குள்கூட வர முடியவில்லை. அவரும் 2025இல் விடைபெற்றார். அதே மனிதர், அதே ஊர், அதே நீலச் சட்டை. ஆனால், ஆட்டக்காரர்கள் வேறு, எதிரணிகள் வேறு. பயிற்சியாளர் மந்திரவாதி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் ஏன் அனுப்புகிறார்கள்?

காரணம் எளிது. இருபத்தைந்து வீரர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. வீரர்களை வாங்கவும் விற்கவும் ஆண்டில் குறிப்பிட்ட காலம்தான் உண்டு. அணியின் முதலாளி தன்னையே நீக்கிக்கொள்ள மாட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அவரை அனுப்பினால் ரசிகர்களின் கோபம் கொஞ்சம் ஆறும். 'ஏதோ செய்தோம்' என்ற திருப்தி கிடைக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இங்கே கூடத்துக்குப் பதில் கோச்.

இது நம் வீட்டிலும் நடக்கிறது. ஒரு பரீட்சையில் கணக்கில் மதிப்பெண் குறைந்தால், 'டியூஷனை மாத்து' என்கிறோம். அந்த மாதம் நாம் எத்தனை நாள் வீட்டுப்பாடம் செய்தோம் என்று மட்டும் கேட்க மாட்டோம்!

எப்போது மாற்றலாம்?

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2019இல் சென்னை மாற்றியது சரிதான். ஒரு முழுப் பருவம் கடைசி இடம், அடுத்த பருவத்திலும் கோல் வறட்சி. போதிய காலம் கொடுத்தாயிற்று. வீரர்கள் திறமையானவர்கள் என்பது பின்னால் அவர்கள் போட்ட கோல்களைப் பார்த்தாலே தெரிகிறது. தாக்கி ஆடச் சொல்லித் தரும் ஒருவரும் கிடைத்தார்.

ஆகவே மாற்றும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பேன். ஒன்று, தோல்விக்குக் காரணம் அவர்தானா, அல்லது நாமா, நேரமா, எதிரணியின் பலமா? இரண்டு, அவருக்குப் போதிய காலம் கொடுத்தோமா? மூன்று, அவரைவிடப் பொருத்தமான ஒருவர் தயாராக இருக்கிறாரா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால், அது பகடையைத் திட்டுவது போலத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த மூன்று கேள்வியும் வேண்டாம். ஒரு பயிற்சியாளர் பிள்ளைகளை அடித்தாலோ, கேவலமாகப் பேசினாலோ, தப்பாக நடந்தாலோ, ஏமாற்றி ஆடச் சொன்னாலோ, அணி எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் சரி, உடனே அப்பா அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லிவிட வேண்டும். அங்கே பொறுமை கூடாது.

வேப்பமரத்தடித் தீர்ப்பு

இதையெல்லாம் சுருக்கமாக அந்தப் பையன்களிடம் சொன்னேன். பிறகு, "காலைப் பயிற்சிக்குத் தினமும் எத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்டேன்.

ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். "பதினாலு பேர்ல... ஆறு ஏழு பேர் வருவோம் மாமா" என்றான் கோல்கீப்பர். "அஞ்சு கோல் வாங்கின மேட்ச்ல எதிர் டீம்ல எல்லாரும் பத்தாவது படிக்கிறவங்க" என்றான் இன்னொருவன், மெல்ல.

"அப்போ அண்ணனை மாத்தினா இதெல்லாம் மாறிடுமா?"

யாரும் பதில் பேசவில்லை. கடைசியில் முதலில் பேசிய பையனே எழுந்து, "நாளைக்கு எல்லாரும் அஞ்சரைக்கு வரணும். வராதவனுக்கு டீம்ல இடம் இல்லை" என்றான். அண்ணன் தப்பினார்! அவருக்கு இந்தப் பஞ்சாயத்து நடந்ததே தெரியாது.

'அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள்' என்று நான் எழுதப் போகிறேன் என நினைக்கிறீர்களா? இல்லை. அதிலும் தோற்றார்கள். ஆனால், 5-0 என்று அல்ல; 2-1 என்று. அதைக்கூட, 'நான் சொன்னதால்தான் முன்னேற்றம்' என்று மார்தட்ட மாட்டேன். காக்கையும் பனம்பழமும் ஞாபகம் இருக்கிறதல்லவா? ஆனால், இப்போது காலைப் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அது காக்கை செய்த வேலை அல்ல, அவர்களே செய்தது.

தோற்றவுடன் யார் மீதாவது பழி போடச் சொல்லி மனசு அவசரப்படும். அந்த நேரத்தில் ஒரு நிமிடம் நின்று, 'உண்மையான காரணம் என்ன?' என்று கேட்கத் தெரிந்தவர்கள் விளையாட்டில் மட்டுமல்ல, எதிலும் மேலே வருவார்கள். இது என் கருத்து. உங்கள் பள்ளி அணி தொடர்ந்து தோற்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நண்பர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பேசும்போது, 'நான் எத்தனை நாள் பயிற்சிக்குப் போனேன்?' என்ற கேள்வியை முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்!